கால் வராவிட்டாலும் கட்டுப்பாடு வரும்

முண்ணாண் காயத்துக்குப் பின் சிறுநீரையும் மலத்தையும் சமாளிப்பது எப்படி: குச்சவெளி வீடுகளுக்கு ஓர் எளிய விளக்கம்

முள்ளந்தண்டு அடிபட்ட ஒருவர் தன் காரியங்களை எவ்வளவு தூரம் தானே பார்த்துக்கொள்கிறார் என்று கணக்கிட, புனர்வாழ்வு வைத்தியசாலைகளில் ஒரு புள்ளித்தாள் இருக்கிறது. ஸ்கிம் என்று சொல்வார்கள். இஸ்ரேலைச் சேர்ந்த வைத்தியர் அமிராம் காட்ஸும் அவருடன் வேலை செய்தவர்களும் 1997இல் வெளியிட்டது. பிறகு திருத்தங்களும் வந்தன. மொத்தம் 100 புள்ளி. இன்று புழங்கும் பதிப்பில் படியேறி இறங்கினால் 3 புள்ளி. வீட்டுக்குள் நடமாடினால் 8. சிறுநீரைச் சமாளித்தால் 15, மலத்தைச் சமாளித்தால் 10, மலசலகூடத்துக்குத் தானே போய் வந்தால் 5. நூறில் முப்பது இந்த மூன்றுக்கும் போய்விடுகிறது.

அந்த 15 புள்ளியை எப்படிக் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். சிறுநீர்ப்பையில் நிரந்தரமாகக் குழாய் பொருத்தியிருந்தால் பூச்சியம். உணர்வு துளியும் இல்லை, தானாகச் சிறுநீர் கழிக்கவும் முடியவில்லை, ஆனால் நேரத்துக்கு நேரம் தன் கையாலேயே குழாய் இட்டு வெளியேற்றி, இடையில் நனையாமல் இருக்கிறார் என்றால் 11. அறுந்த நரம்பு அப்படியேதான் இருக்கிறது. கற்றுக்கொண்ட பழக்கம் அவ்வளவு புள்ளியைத் தந்துவிடுகிறது. இந்தக் கட்டுரை சொல்ல வருவதும் அதுதான். சிறுநீர், மலக் கட்டுப்பாட்டில் பெரும்பகுதி கற்றுக்கொள்ளக்கூடியது. கற்றவருக்குப் படிப்பும் தொழிலும் பயணமும் திரும்பக் கைக்கு வரும்.

குச்சவெளியில் இது யாருக்கு?

திருகோணமலை நகருக்கு வடக்கே, புல்மோட்டை வீதியில் சுமார் 34 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது குச்சவெளி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, உப்பளம், வயல், பனை, தென்னை. முள்ளந்தண்டு முறியக்கூடிய வழிகளும் இந்த நிலத்தோடு சேர்ந்தவைதான். மரத்திலிருந்து விழுவது, மோட்டார் சைக்கிள் விபத்து, போர்க்காலத்து ஷெல் துண்டும் துப்பாக்கிச் சன்னமும், கிணற்றுக்குள் விழுவது. கரையோரத்துக்கே உரிய இன்னொன்றும் உண்டு. கடலட்டைக்கும் சங்குக்கும் ஆழத்தில் நெடுநேரம் மூழ்கி, அவசரமாக மேலே வருகிறவரின் இரத்தத்தில் நைதரசன் வாயு குமிழ்களாகப் பிரியலாம். அந்தக் குமிழ்கள், முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்பு வடமான முண்ணாணைத் தாக்கினால், எலும்பு எதுவும் முறியாமலே இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போகும், சிறுநீரும் நின்றுவிடும். கரைக்கு வந்தபின் கால் மரத்தால், சிறுநீர் போகாவிட்டால், படுத்துத் தூங்கி எழுந்து பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது. ஒட்சிசனும் அழுத்த அறைச் சிகிச்சையும் எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது.

மரத்திலிருந்து விழுந்தவரை அள்ளித் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்துக்கொண்டு போவதுதான் ஊர்களில் நடக்கும் மிகப் பெரிய தவறு. முறிந்த எலும்பு நகர்ந்து, பாதி காயம்பட்ட முண்ணாணை முழுதாக நசுக்கிவிடலாம். விழுந்த இடத்திலேயே அசையாமல் கிடத்தி, தலையையும் கழுத்தையும் நேராகப் பிடித்துக்கொண்டு, 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். அந்த இடத்தில் இருப்பது ஆபத்து, அகற்றியே ஆகவேண்டும் என்றால், நாலைந்து பேர் சேர்ந்து தலை, தோள், இடுப்பு, கால் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கப் பலகை மேல் ஏற்றுங்கள்.

அடிபட்டது முதுகு, அடங்காதது சிறுநீர்: ஏன்?

முள்ளந்தண்டு எலும்புகளுக்குள்ளே, மூளையிலிருந்து கீழிறங்கும் நரம்பு வடம்தான் முண்ணாண். வளர்ந்தவர்களில் அது இடுப்புப் பகுதியின் முதலாம் அல்லது இரண்டாம் எலும்பு மட்டத்தோடு முடிந்துவிடுகிறது. சிறுநீரையும் மலத்தையும் ஆளும் நரம்பு மையம், அந்த வடத்தின் கடைசி நுனியில் இருக்கிறது. ஆகவே கழுத்தில் முறிந்தாலும், முதுகில் முறிந்தாலும், இடுப்பில் முறிந்தாலும், மூளைக்கும் அந்த மையத்துக்கும் இடையிலான வழியோ, மையமேயோ, அதிலிருந்து இறங்கும் நரம்புகளோ பாதிக்கப்படலாம். சிலருக்குக் கால் ஓரளவு வந்து நடக்கவே தொடங்கிவிடுவார்கள். சிறுநீர் மட்டும் சொற்கேளாது. "நடக்கிறானே, பிறகென்ன" என்று வீட்டார் நினைப்பார்கள். அவரோ யாரிடமும் சொல்லாமல் தவிப்பார்.

அடிபட்ட முதல் நாட்களில் முண்ணாண் அதிர்ச்சியில் இருக்கும். காயத்துக்குக் கீழே எந்த அனிச்சைச் செயலும் இராது. சிறுநீர்ப்பை சோர்ந்துபோய் நிரம்பிக்கொண்டே இருக்கும். அதனால்தான் வைத்தியசாலையில் உடனே நிரந்தரக் கதீற்றர் குழாய் போட்டுப் பையைத் தொங்கவிடுகிறார்கள். சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில், அதிர்ச்சி தணியும். அதன் பிறகுதான் அவருடைய சிறுநீர்ப்பை எந்த வகை என்பது தெரியவரும்.

இரண்டு வகை

காயம் நுனி மையத்துக்கு மேலே என்றால், மையம் உயிரோடுதான் இருக்கிறது; மூளையின் கட்டளை மட்டும் வருவதில்லை. கொஞ்சம் சிறுநீர் சேர்ந்ததுமே சிறுநீர்ப்பை தானாகச் சுருங்கும். பிரச்சினை அதோடு நிற்பதில்லை. சிறுநீர்ப்பை சுருங்கும்போது வாயிலிலுள்ள சுருக்குத் தசை தளரவேண்டும். அந்த ஒத்திசைவை நடத்துவது மூளைத்தண்டு. அதன் தொடர்பு அறுந்ததால் இரண்டும் ஒரே நேரத்தில் இறுகும். தண்ணீர்க் குழாயை மூடிவைத்துவிட்டு மோட்டாரைப் போட்டால் குழாய்க்குள் அழுத்தம் ஏறுவது போலத்தான் இதுவும். அந்த அழுத்தம் சிறுநீரைப் பின்னோக்கிச் சிறுநீரகத்துக்குத் தள்ளும். வெளியே கொஞ்சம் கசிவதைப் பார்த்து, "போய்க்கொண்டுதானே இருக்கு" என்று வீட்டில் நினைத்திருக்க, உள்ளே சிறுநீரகம் வருடக்கணக்கில் கெட்டுக்கொண்டிருக்கும். வலியும் இராது.

காயம் அந்த நுனியிலேயோ அதற்குக் கீழே இறங்கும் நரம்புக் கட்டிலேயோ என்றால், சிறுநீர்ப்பை சுருங்காது. நிரம்பி வழிந்தால்தான் சொட்டும். இருமினால், தும்மினால், கதிரையிலிருந்து கட்டிலுக்கு மாறினால் நனையும். உள்ளே மிச்சம் தேங்கி நிற்பதால் கிருமியும் கல்லும் சேரும்.

இரண்டு வகைக்கும் இலக்கு ஒன்றே: குறைந்த அழுத்தத்தில் சேர்த்து வைக்கவேண்டும், நேரத்துக்கு முழுதாக வெளியேற்றவேண்டும். முதல் வகைக்குச் சுருக்கத்தை அடக்க ஒக்சிபியூற்றினின் போன்ற மாத்திரை தேவைப்படலாம். சிலருக்குச் சிறுநீர்ப்பைத் தசையில் பொடொக்ஸ் ஊசி போடுவார்கள். எது யாருக்கு என்பதைச் சிறுநீர்ப்பையின் அழுத்தத்தை அளந்துதான் தீர்மானிக்கவேண்டும். அடிவயிற்றைக் கையால் அமுக்கிச் சிறுநீரை வெளியேற்றும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. சுருக்குத் தசை மூடியிருக்கும்போது அப்படி அமுக்கினால் நேரே சிறுநீரகத்துக்குத்தான் கேடு. வைத்தியர் சொல்லாமல் செய்யக்கூடாது.

நேரத்துக்கு ஒரு குழாய்

நிரந்தரக் கதீற்றர் வசதியானதுதான். ஆனால் வருடக்கணக்கில் உள்ளே இருந்தால் தொற்றும், கல்லும், சிறுநீர்த் துவாரத்தில் புண்ணும் வரும். முடிந்தவர்களுக்கெல்லாம் வைத்தியர்கள் பரிந்துரைப்பது வேறு முறை. மெல்லிய குழாயை உள்ளே விட்டு, சிறுநீர் முழுதும் வடிந்ததும் எடுத்துவிடுவது. நாலு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இதையே திரும்பச் செய்வது.

முன்பு இதை வைத்தியசாலையில், கிருமி நீக்கிய கையுறையோடு மட்டுமே செய்யலாம் என்று இருந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துச் சிறுநீரக சத்திரசிகிச்சை நிபுணர் ஜாக் லாபிடெஸ் 1972இல் அதை மாற்றினார். சிறுநீர்ப்பை அளவுக்கு மீறி விரியும்போது அதன் சுவருக்கு இரத்தம் குறைகிறது, எதிர்ப்புச் சக்தி போகிறது, தொற்று அங்கேதான் பிடிக்கிறது என்பது அவருடைய வாதம். ஆகவே கிருமி முற்றாக நீக்கிய கருவிக்காகக் காத்திருப்பதைவிட, சவர்க்காரம் போட்டுக் கழுவிய கையால் நேரம் தவறாமல் வெளியேற்றுவது மேல் என்றார். அந்த ஒரு மாற்றம்தான் இந்த வேலையை வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கும், பாடசாலைக்கும், வலை பொத்தும் வாடிக்கும் கொண்டுவந்தது.

செய்முறை சிக்கலானதல்ல, தாதி பக்கத்தில் இருந்து பழக்கினால் பெரும்பாலானோர் சில நாட்களில் பிடித்துக்கொள்வார்கள். கையைச் சவர்க்காரத்தால் நன்றாகக் கழுவவேண்டும். துவாரத்தைச் சுற்றிச் சுத்தம் செய்யவேண்டும். குழாயில் வழுக்கும் ஜெல் தடவி மெதுவாக உள்ளே விடவேண்டும். சிறுநீர் வரத் தொடங்கியதும் இன்னும் சிறிது உள்ளே செலுத்தி, முழுதும் வடியும்வரை பொறுத்திருக்கவேண்டும். பெண்கள் ஆரம்பத்தில் ஒரு சிறு கண்ணாடி வைத்துப் பழகலாம். பிறகு விரலே இடம் காட்டிவிடும். தடுத்தால் பலவந்தமாகத் தள்ளக்கூடாது. மூச்சை மெல்ல விட்டுச் சற்றுப் பொறுத்துப் பார்க்கவேண்டும். அதற்கும் போகாவிட்டால், இரத்தம் வந்தால், வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

கதீற்றர் பொதுவாக ஒரு தடவைப் பாவனைக்கு என்றே பொதியில் அச்சிட்டிருக்கும். ஒவ்வொரு தடவையும் புதியது வாங்க வசதியில்லாத நாடுகளில், பாவித்ததும் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு உள்ளும் புறமும் கழுவி, உலரவிட்டு, மூடியுள்ள சுத்தமான பெட்டியில் வைத்துத் திரும்பப் பாவிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஈரத்தோடு பெட்டியில் போட்டு மூடுவதுதான் அதில் ஆபத்தான தவறு. எத்தனை நாளைக்கு ஒன்றை வைத்திருக்கலாம் என்பதை உங்கள் சிகிச்சை நிலையத்தில் கேட்டு வையுங்கள்.

ஒரு நாளின் கணக்கு

ஒரு தடவை வடிவது 500 மில்லிலீற்றரைத் தாண்டக்கூடாது. தாண்டினால் இடைவெளி நீண்டுவிட்டது, அல்லது குடித்தது கூடிவிட்டது என்று அர்த்தம். ஆகவே முதல் சில வாரங்கள் ஒரு கொப்பியில் எழுதவேண்டும்: எப்போது எவ்வளவு குடித்தேன், எப்போது எவ்வளவு வடிந்தது, இடையில் நனைந்ததா. அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் வைத்தியர் நேரத்தையும் மாத்திரையையும் சரிசெய்வார்.

குச்சவெளியில் பெரும்பாலான வீடுகளில் நாளைப் பிரிப்பது பாங்கு. குழாய் போடும் நேரத்தையும் அதோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது. சுபஹுக்கு எழும்பும் 5 மணி, காலை 10 மணி, அஸருக்கு முன் 3 மணி, இஷா முடிந்து 8 மணி, படுக்கப்போகும் 11 மணி என்று ஐந்து தடவை வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தடவையும் 400 மில்லிலீற்றர் என்றால் நாளுக்கு 2 லீற்றர்; வெளியேற வேண்டிய அளவுதான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பிளேன்டீயையும் தண்ணீரையும் குறைத்துக்கொண்டால் இரவில் நனையாது.

வெயில் காலத்தில் வியர்வையாகவே நிறையப் போய்விடும். அப்போது குடிப்பதைக் கூட்டவேண்டும். நனைந்துவிடுமோ என்ற பயத்தில் தண்ணீரையே நிறுத்துகிறவர்கள் அதிகம். "வெளியில போறதெண்டா தண்ணி குடியாத" என்று வீட்டுப் பெரியவர்களும் அன்போடு சொல்வார்கள். சிறுநீர் தடித்து, கிருமி பெருகி, கல் கட்டி, மலமும் இறுகுவதுதான் அதன் விளைவு. குடிக்கவேண்டும், நேரத்துக்கு எடுக்கவேண்டும்.

சுத்தமில்லாமல் தொழலாமா என்ற கவலையில் பள்ளிவாசலுக்குப் போவதையே விட்டவர்கள் உண்டு. சிறுநீர் தொடர்ந்து கசியும் நோயாளிக்கு மார்க்கச் சட்டத்தில் தனியான சலுகை இருக்கிறது. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபி மத்ஹபில், பர்ளுத் தொழுகை ஒவ்வொன்றுக்கும் நேரம் நுழைந்தபின் சுத்தம் செய்து, வுழூ எடுத்துத் தொழலாம். நோன்பு காலத்தில் பகல் முழுதும் தண்ணீர் இல்லாமல் இருக்கலாமா என்பதை வைத்தியரிடமும் ஆலிமிடமும் சேர்த்துக் கேட்கவேண்டும். நோயாளிக்கு அதிலும் சலுகை உண்டு.

சிறுநீரில் கிருமி இருக்கிறது என்று பரிசோதனை சொன்னதற்காக மட்டும் மருந்து தேவைப்படாது. குழாய் போடுகிறவர்கள் பெரும்பாலோருக்கு எப்போதும் கொஞ்சம் கிருமி இருக்கும். காய்ச்சல், குளிர், வழக்கத்துக்கு மாறாகக் கால் வெட்டி இழுப்பது, புதிதாக நனைவது, கலங்கி நாறுவதோடு உடம்பும் சோர்வது — இவை வந்தால்தான் தொற்று. கடையில் அன்டிபயோட்டிக் வாங்கி அடிக்கடி போட்டால், உண்மையான தொற்று வரும் நாளில் மருந்து வேலை செய்யாது.

மலம்: இடத்தையும் நேரத்தையும் நாம் தேர்வது

மலத்திலும் அதே இரண்டு வகை. மையத்துக்கு மேலே காயமுள்ளவருக்கு ஆசனவாய் இறுகியே இருக்கும். ஆனால் தூண்டினால் குடல் தானே தள்ளும். கையுறை போட்டு, ஜெல் தடவிய விரலை உள்ளே விட்டு மெல்ல வட்டமாகச் சுழற்றினால் அந்த அனிச்சை எழும்பும். ஆசனவாயில் வைப்பதற்கென்றே உள்ள குளிசையும் துணைசெய்யும். மையத்திலேயே காயமுள்ளவருக்கு ஆசனவாய் தளர்ந்திருக்கும், தூண்டலுக்கு எழும்பாது. விரலால் எடுத்துத்தான் வெறுமையாக்கவேண்டும், அதுவும் பெரும்பாலும் தினமும். முதல்வருக்கு மலம் மென்மையாக இருக்கவேண்டும். இரண்டாமவருக்குச் சற்று இறுக்கமாக இருந்தால்தான் இடையில் கசியாது. ஒருவருக்குச் சொன்ன மலமிளக்கியை மற்றவர் வாங்கிக் குடித்தால் ஏன் நாள் முழுதும் நனைகிறது என்பதற்கு இதுதான் காரணம்.

சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குள் குடல் தானாக அசையத் தொடங்கும். காலைச் சாப்பாட்டுக்கோ சூடான தேநீருக்கோ பிறகு ஒரே நேரத்தில், தினமும் அல்லது ஒன்றுவிட்ட நாள், கொமோட் கதிரையில் இருப்பது நல்லது. இருக்க முடியாதவர் இடப்பக்கம் சரிந்து படுக்கலாம். சிவப்பரிசி, குரக்கன், முருங்கையிலை, பப்பாசி எல்லாம் கைகொடுக்கும். ஆனால் உணவு, நேரம், மருந்து மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஒன்றை மாற்றி, ஓரிரு வாரம் பொறுத்துப் பார்த்து, அடுத்ததை மாற்றவேண்டும். ஒழுங்குக்கு வர வாரங்கள் செல்லும். வந்துவிட்டால், நாளில் முக்கால் மணித்தியாலமோ ஒரு மணித்தியாலமோ இதற்குக் கொடுத்துவிட்டு மிச்சப் பொழுதை அச்சமில்லாமல் கழிக்கலாம்.

இந்தத் தலையிடியை அலட்சியம் செய்யக்கூடாது

நெஞ்சின் ஆறாம் முதுகு நரம்பு மட்டத்திலோ அதற்கு மேலேயோ காயமுள்ளவர்களுக்கு ஓர் ஆபத்து உண்டு. சிறுநீர்ப்பை நிரம்பி வழியாமல் நின்றால், மலம் அடைத்தால், குழாய் மடிந்தால், இரத்த அழுத்தம் திடீரென்று ஏறும். தலை வெடிப்பதுபோல் இடிக்கும், முகம் சிவக்கும், காயத்துக்கு மேலே வியர்க்கும், கீழே உடம்பு வெளிறிக் குளிரும். மூளையில் இரத்தக்கசிவு வரைக்கும் போகக்கூடிய அவசர நிலை இது. பனடோல் கொடுத்துப் படுக்கவைப்பது உயிருக்கு ஆபத்து.

உடனே நிமிர்த்தி உட்கார வைத்துக் காலைத் தொங்கவிடுங்கள். இறுக்கமான உடுப்பையும் பெல்ட்டையும் தளர்த்துங்கள். குழாய் மடிந்திருக்கிறதா, பை நிரம்பிவிட்டதா என்று பாருங்கள். குழாய் இல்லாவிட்டால் உடனே போட்டு வடியவிடுங்கள். அப்படியும் தணியாவிட்டால் அம்புலன்ஸ். இப்படிப்பட்டவருக்கு வழக்கமான இரத்த அழுத்தமே தாழ்வாக இருக்கும். ஆகவே மற்றவருக்குச் சாதாரணமான 140 என்ற எண் இவருக்கு அபாயமாக இருக்கலாம். இதைத் தெரியாத சிற்றூர் வைத்தியசாலைகளும் உண்டு. நோயாளியின் காய மட்டத்தையும் இந்த அடையாளங்களையும் ஒரு அட்டையில் எழுதிப் பணப்பையில் வைத்திருப்பது புத்தி.

பம்பைமடுவில் நடந்தது

இதெல்லாம் வசதியான நாடுகளில்தான் நடக்கும் என்று சொல்கிறவர்களுக்குப் பதில், குச்சவெளியிலிருந்து அதிக தூரமில்லாத வவுனியாவில் இருக்கிறது. 2009இல் போரின் கடைசி மாதங்களில் முள்ளந்தண்டு சிதைந்த நிறையப் பேர் வவுனியா வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்காகப் பம்பைமடு ஆயுர்வேத வைத்தியசாலையில் ஒரு புனர்வாழ்வுத் திட்டம் தொடங்கப்பட்டது. சுகாதார அமைச்சும், எல்லைகளற்ற மருத்துவர்கள் என்ற சர்வதேச அமைப்பும், ஓர் உள்ளூர் அமைப்பும் சேர்ந்து நடத்தின. வீடு இழந்து, முகாமில் குடும்பம் இருக்க, உடம்பும் பாதி போன நிலையில் வந்தவர்கள் அவர்கள். அங்கே கிடைத்த பலன்களை அலசிய கட்டுரை 2014இல் ‘கான்ஃப்ளிக்ட் அண்ட் ஹெல்த்’ என்ற மருத்துவ இதழில் வெளியானது. தன்பராமரிப்பு, சிறுநீர் மலக் கட்டுப்பாடு, நடமாட்டம் எல்லாவற்றிலும் முன்னேற்றம் பதிவாகியிருந்தது. போர் முடிந்த கையோடு, இடம்பெயர்ந்த மக்கள் நடுவே இதைச் செய்ய முடிந்தது.

இந்தச் சிகிச்சை முறைக்கே வித்திட்டதும் ஒரு போர்தான். முதல் உலகப் போரில் முண்ணாண் காயமடைந்த வீரர்களில் பெரும்பாலோர் சிறுநீர்த் தொற்றிலும் படுக்கைப் புண்ணிலும் இறந்தார்கள். 1944 பெப்ரவரியில் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் வைத்தியசாலையில் லுட்விக் குட்மன் தொடங்கிய பிரிவு, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்தது, சிறுநீரை ஒழுங்காக வெளியேற்றியது, எழுப்பி உட்காரவைத்து வேலை கொடுத்தது. அங்கே நடந்த விளையாட்டுப் போட்டிகளிலிருந்துதான் பரா ஒலிம்பிக் பிறந்தது.

தமிழ்நாட்டில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வைத்தியர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். நியூயோர்க்கில் புனர்வாழ்வு மருத்துவம் கற்றுவந்து, வேலூரில் அத்துறைக்குத் தலைமை தாங்கினார். 1966இல் அங்கே புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். இவர்கள் வேலை செய்யப் போகுமுன், அன்றாடம் இந்தச் சிறுநீர்க் கணக்கும் மலக் கணக்கும் முடிந்தாகவேண்டும். பாராட்டு மடல்களில் அது வராது. புதிதாக அடிபட்ட இளைஞன் ஒருவனுக்கு முதலில் தெரியவேண்டியது அதுதான்.

எவ்வளவு தூரம் தானே செய்யலாம்?

அது காயத்தின் மட்டத்தைப் பொறுத்தது. மணிக்கட்டை மேலே மடக்கும் சக்தி மட்டும் உள்ளவர், அப்படி மடக்கும்போது விரல்கள் தாமே மடங்குவதைப் பயன்படுத்திக் கரண்டியும் பேனாவும் பிடிக்கலாம். சிலர் குழாயும் போட்டுக்கொள்வார்கள். முழங்கையை நீட்டும் சக்தி இருந்தால், கையை ஊன்றி உடம்பைத் தூக்கிக் கட்டிலிலிருந்து கதிரைக்கு மாறலாம். கைகள் முழுதாக நன்றாக உள்ளவர் சமையல், குளிப்பு, குழாய், மலம் எல்லாம் தானே பார்த்துக்கொள்ள முடியும். கை உதவாதவருக்கு, அடிவயிற்றில் சிறு துளையிட்டுப் பொருத்தும் குழாய் ஒரு வழி. வீட்டாரில் ஒருவர் நேரத்துக்குக் குழாய் போட்டுவிடுவது இன்னொரு வழி. அப்போதும் எப்போது, யார், எங்கே என்று சொல்லும் உரிமை அவருடையது. பிறர் கையால் செய்வித்தாலும் தானே நடத்துவது சுயாதீனம்தான்.

மனைவியோ உம்மாவோ எல்லாவற்றையும் செய்துவிடுவது அன்பினால். ஆனால் அது நீண்டால் இரு பக்கமும் களைத்துப்போகும். கணவன் மனைவி உறவு, தாதியும் நோயாளியுமாகச் சுருங்கிவிடும். கையால் முடிந்ததை முதல் நாளிலிருந்தே அவரிடம் விடுவதுதான் நல்லது, கொஞ்சம் நேரம் எடுத்தாலும். தாம்பத்தியம், பிள்ளைப்பேறு பற்றிய கேள்விகளுக்கும் வைத்தியரிடம் பதில் இருக்கிறது, கூச்சப்படாமல் கேட்கலாம்.

தோலையும் மறக்கக்கூடாது. உணர்வில்லாத இடத்தில் புண் வலிக்காது. நனைந்த தோலில் அது இன்னும் வேகமாக வரும். படுக்கையில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரளவேண்டும். கதிரையில் இருக்கும்போது கால் மணித்தியாலத்துக்கோ அரை மணித்தியாலத்துக்கோ ஒரு தடவை கையூன்றிப் பின்புறத்தைத் தூக்கவேண்டும், அல்லது பக்கம் சாயவேண்டும். காலையும் மாலையும் கண்ணாடி வைத்துச் சிவப்பு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

வருடத்துக்கு ஒரு தடவை சிறுநீரகத்துக்கு ஸ்கேனும், இரத்தத்தில் கிரியற்றினின் பரிசோதனையும் செய்யவேண்டும். எந்த வருத்தமும் தெரியாவிட்டாலும் செய்யவேண்டும். முதலில் போகவேண்டியது திருகோணமலைப் பொது வைத்தியசாலை. அங்கிருந்து தேவைக்கு ஏற்ப, ராகமவிலுள்ள புனர்வாழ்வு வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள்.

கதவு, மணல், மலசலகூடம்

வைத்தியசாலையில் எல்லாம் பழகி வீட்டுக்கு வந்தவர் தோற்றுப்போவது வாசலில். சக்கர நாற்காலியின் முன்சில்லு சிறியது. கடற்கரை மணலில் புதையும். வீட்டு வாசலிலிருந்து வீதிவரை மூன்று அடி அகலத்தில் கொங்கிறீற்றுப் பாதை போட்டால் அந்தத் தடை போய்விடும். சாய்தளத்துக்குக் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு: வாசல் ஓர் அடி உயரம் என்றால் பன்னிரண்டு அடி நீளம். முற்றத்துக் கடைசியில் இருக்கும் குந்தும் மலசலகூடம் அவருக்கு உதவாது. கதவு 90 சென்ரிமீற்றர் அகலம், உள்ளே கதிரை திரும்ப ஒன்றரை மீற்றர் இடம், கதிரையின் உயரத்துக்கே இருக்கை, பக்கச் சுவரில் உறுதியான பிடி, கை எட்டும் இடத்தில் தண்ணீர்க் குழாய், வாசலில் படியின்மை — இவ்வளவும் வேண்டும். காசு போதாதவர் பலமான பிளாஸ்டிக் கதிரையில் துளையிட்டுக் கொமோட்டாக்கலாம். ஆனால் விளிம்புக்குத் தடித்த மெத்தை வைத்துத் தைக்காவிட்டால் ஒரே வாரத்தில் புண் வரும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவும், வீடு, மலசலகூடம், உபகரணம் போன்றவற்றுக்கான உதவிகளும் அரசாங்கத் திட்டங்களில் இருக்கின்றன. குச்சவெளிப் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் கேட்கவேண்டும். வைத்தியர் கொடுத்த காய விவரம், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், மலசலகூடம் கட்டவேண்டிய இடத்தின் படம் மூன்றையும் கையோடு கொண்டுபோனால் வேலை சுலபம். கதீற்றரும் ஜெல்லும் மாதா மாதம் எத்தனை வேண்டும் என்று வைத்தியர் கையால் எழுதி வாங்கி, உதவி நிறுவனங்களிடம் அந்த எண்ணிக்கையையே கேளுங்கள். சக்கர நாற்காலி கொடுக்க ஆள் வருவார்கள், படமும் எடுப்பார்கள். கதீற்றருக்குக் கேட்டால்தான் கிடைக்கும்.

வீட்டுக்கு வெளியே என்ன? இலங்கையில் மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1996இல் வந்தது. பொதுக் கட்டடங்களில் அணுகுவசதிக்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. 1992இல் ஓடிக்கொண்டிருந்த காரின் மேல் வீதியோர மரம் விழுந்து முண்ணாண் காயமடைந்த அஜித் சி. எஸ். பெரேரா, அந்த விதிகளை நடைமுறைப்படுத்தக் கோரி உயர் நீதிமன்றம் போனார். 2009இல், புதிதாகக் கட்டும் பொதுக் கட்டடங்களில் மலசலகூடம் உட்பட அணுகுவசதி இருக்கவேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகவே புதிய கட்டடத்தின் வரைபடம் மேசைக்கு வரும்போதே அந்த 90 சென்ரிமீற்றர் கதவும் ஒன்றரை மீற்றர் இடமும் இருக்கிறதா என்று கேட்கும் உரிமை குச்சவெளிக்காரர் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது. பாடசாலை, சந்தை, பள்ளிவாசல், கோயில், மீனவர் சங்கக் கட்டடம் எதுவானாலும் கேட்கலாம். கட்டி முடித்தபிறகு உடைத்துத் திருத்துவதைவிட அப்போது செய்வது மலிவு. மூன்று மணிக்குக் குழாய் போட வேண்டியவர் மூன்று மணிக்கு எங்கே இருக்கலாம் என்பதை அந்த ஒரு அறைதான் தீர்மானிக்கிறது.